மேற்கே குவாரி, கிழக்கே கொறங்காடு: புல்லை எப்படிக் காப்பாத்தறது?

கேள்வி கேட்டவர்: கடவு

வணக்கம்ங்க. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல 22 ஏக்கர் பட்டாக் கொறங்காடு (வேலி அடைச்ச மேய்ச்சல் காடு). கிளுவை வேலி போட்டு நாலு காடாப் பிரிச்சிருக்கு. செவலைச் சரளை மண், அங்கங்கே வெங்கச்சாங்கல். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிக்குது. மழை பெஞ்சா நரிப்பயறு, கொழுஞ்சி, செப்பு நெருஞ்சி தலைகாட்டும். கெளதாரி, ஆள்காட்டி, வானம்பாடி மூணும் தரையில முட்டை வைக்குற இடம். சுத்து வட்டாரத்துல உழாத புல்தரை இப்போ இது ஒண்ணுதான் மிச்சம்.

மேற்கு எல்லையை ஒட்டி கல்குவாரி ஓடுது. வேலியில இருந்து 250 மீட்டர்ல கிரஷர் (கல்லை உடைக்கற மெஷின்). பிரச்சினை இதுதான்:

மேற்கு வேலி ஓரம் சுமார் 40 மீட்டர் அகலத்துக்குப் புல் தூர் தூராச் செத்துட்டு வருது, மண்ணு ஓடு கட்டிக் கிடக்கு. குவாரிக் குழியில தேங்குற தண்ணியை மோட்டார் வெச்சு நம்ம காட்டுப் பள்ளத்துல விடறாங்க. வேலிக்கு வெளியே மேல்மண் கழிவை மேடாக் கொட்டி வெச்சிருக்காங்க. "புழுதி தடுக்கற பசுமைப் பட்டைக்கு ஆயிரம் கன்னு நாங்களே உங்க காட்டுல நட்டுத் தர்றோம்"னும் கேக்கறாங்க. வாங்கிக்கலாமா? மாடு ஆட்டைக் கொஞ்ச வருசம் உள்ள விடாம நிறுத்திரலாமா?

குவாரி நிக்கப் போறதில்ல. அது ஓடும்போதே புல்லைக் காப்பாத்த வழி சொல்லுங்க.

பதில் 1: சரளை

முதலில் அவசரமான ஒன்று. அந்த ஆயிரம் கன்றுகளை உங்கள் காட்டுக்குள் வாங்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

உங்கள் ஊரில் காற்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். வைகாசி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று புரட்டாசி வரை ஒரே திசையில் அடிக்கும். குவாரி மேற்கே இருப்பதால், அந்த நாலைந்து மாதமும் புழுதி முழுவதும் உங்கள் பக்கம்தான் வரும். அதே மாதங்களில் மழையும் அற்பம், புல்லும் காய்ந்து உறங்கும் நிலையில் இருக்கும். கழுவிவிட ஆள் இல்லாமல் தூசி சேர்ந்துகொண்டே போகிறது. ஐப்பசியில் முதல் பெருமழை வரும்போது அத்தனையும் மண் துவாரங்களுக்குள் இறங்கி, வெயில் பட்டதும் ஓடாகிறது. நீங்கள் பார்ப்பது அந்த ஓட்டைத்தான். இலை மேல் படிந்த தூசியை விட இந்த ஓடுதான் புல்லைக் கொல்கிறது: மழைநீர் உள்ளே இறங்காது, விதை முளைத்தாலும் முட்டிக்கொண்டு மேலே வர முடியாது.

30 மைக்ரானுக்கு மேற்பட்ட பருந்தூசி பெரும்பாலும் 100 மீட்டருக்குள் விழுந்துவிடும். 10 முதல் 30 மைக்ரான் வரை உள்ளது 250 முதல் 500 மீட்டர் வரை போகும். கிரஷர் 250 மீட்டரில் இருக்க, சாவு 40 மீட்டருக்குள் மட்டும் என்றால், முதல் குற்றவாளி கிரஷர் அல்ல. வேலியை ஒட்டி ஓடும் டிப்பர் பாதையும் அந்த மண்மேடும்தான் என்று சந்தேகப்படுவேன். சந்தேகத்தோடு நிற்காமல் அளந்து பாருங்கள்.

வாய் 20 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் வாளி ஐந்து வாங்குங்கள். வேலியில் இருந்து கிழக்கு நோக்கி 10, 25, 50, 100, 200 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரக் கம்பத்தில் கட்டுங்கள். அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர், பாசி பிடிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். ஆடு மாடு எட்டிக் குடிக்காதபடி சுற்றி முள் கட்டுங்கள். 30 நாள் கழித்து, முன்பே எடை போட்ட வடிதாளில் வடிகட்டி, காயவைத்து, நகைக்கடைத் தராசில் நிறுங்கள். அந்த வாளி வாயின் பரப்பு 0.0314 சதுர மீட்டர். 30 நாளில் 0.19 கிராம் சேர்ந்திருந்தால், ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் விழுகிறது என்று கணக்கு. பிரிட்டனில் குவாரித் தூசி தொல்லையாகிறது என்று வழக்கமாகக் கொள்ளும் அளவு அது. வேலியோரம் 600, 100 மீட்டரில் 80 என்று வந்தால் குற்றம் பாதையின் மேல். எல்லா வாளியிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் கிரஷரின் மேல்.

பாதைதான் காரணம் என்றால் பேசுவது எளிது. டிப்பர் பாதையை வேலியில் இருந்து நகர்த்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாதையில் எம்-சாண்ட் கழிவு போடாமல் 40 மி.மீ. ஜல்லி போட்டு உருட்டச் சொல்லுங்கள். வேகம் மணிக்கு 20 கி.மீ.க்குள், டிப்பருக்குத் தார்ப்பாய், மேல்காற்று மாதங்களில் தண்ணீர் தெளிப்பு. தெளிக்கும் தண்ணீரை ஒருமுறை டி.டி.எஸ். மானியில் (கரைந்த உப்பை அளக்கும் கருவி) சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு அதிகம். தினமும் தெளித்தால் பாதையோர மண்ணில் உப்பு பூத்து, தூசி கொல்லாத புல்லை உப்பு கொன்றுவிடும். குவாரிக் குழியில் நிற்கும் மழைநீரைத் தெளிப்புக்கு எடுப்பதே நல்லது. அது உங்கள் பள்ளத்துக்கு வருவதும் அதோடு நிற்கும்.

அந்தத் தண்ணீர் ஏன் வேண்டாம் என்றால்: குவாரி வெடிமருந்தில் பெரும்பங்கு அம்மோனியம் நைட்ரேட். சிந்தியதும் வெடிக்காமல் மிஞ்சியதும் குழித் தண்ணீரில் கரைகிறது. கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் ஏழை மண்ணுக்குப் பழகியவை. நைட்ரேட்டும் ஈரமும் தொடர்ந்து கிடைத்தால் கோரையும் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் முந்திக்கொள்ளும். பள்ளம் பச்சையாகத் தெரியும், ஆனால் அது உங்கள் பழைய புல்தரை இல்லை.

மரம் பற்றி. கொறங்காட்டில் வெள்வேலம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் மரம் நட்டால் என்ன என்று தோன்றும். வெள்வேலின் நிழல் சல்லடை நிழல்; அகலமாக விட்டு நிற்பதால் அதன் அடியிலும் புல் வரும். நெருக்கி நட்ட வேம்பும் புங்கனும் அப்படி இல்லை. ஐந்தாறு ஆண்டில் அடிநிலம் இருண்டு, புல் விலகிவிடும். புல்தரையைக் காக்க வந்த பசுமைப் பட்டையே அதைத் தின்றுவிடும். குவாரி தன் எல்லைக்குள் நடட்டும்.

பதில் 2: குத்தகை எண்

மேலே சொன்னதோடு சட்டப் பக்கம் சில.

தமிழ்நாட்டுக் கல்குவாரிச் சுரங்கத் திட்டங்களில் பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், அரசு நிலத்துக்கு 10 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விடவேண்டும் என்று இருக்கும். பசுமைப் பட்டைக்கான இடம் அந்த இடைவெளிதான். உங்கள் நிலத்தில் நட்டுக் கணக்குக் காட்டச் சம்மதக் கடிதம் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். நட்ட மரத்தைப் பிறகு எடுப்பது உங்களுக்குத்தான் தலைவலி.

குவாரிக்கு வழங்கிய சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் கேட்கலாம். நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தரவேண்டியது. உங்கள் வாளிக் கணக்கை அந்தத் தேதிகளுக்கு ஒரு மாதம் முன்பே கடிதத்தோடு கொடுத்தால் கோப்பில் ஏறும். கிரஷருக்குத் தனி வரம்பு உண்டு: இயந்திரத்தில் இருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் மிதக்கும் தூசி கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. சுற்றுப்புறக் காற்றில் பி.எம்.10-க்கு (10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி) 24 மணிநேர வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். வாளியில் விழும் தூசி வேறு, இவை வேறு; இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பினால் உங்கள் மனுவை எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விட்டது. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், தோண்டி முடித்த குத்தகைதாரர் தோண்டிய இடத்திலும் அந்த வேலையால் சிதைந்த பிற இடங்களிலும் திரும்பப் புல் வளர்த்து, தீவனமும் செடியும் உயிர்களும் தழைக்கும் நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை அனுமதி நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதே மாதம் 16-ம் தேதி சுற்றறிக்கை விட்டது. கவனியுங்கள், சொல்லியிருப்பது மரம் அல்ல, புல். "எங்களுக்கு மரம் வேண்டாம், உங்கள் மேட்டிலும் குவாரி மேல்படியிலும் எங்கள் காட்டுப் புல்லை விதையுங்கள்" என்று கேட்க இதைவிட வலுவான பிடிமானம் கிடையாது.

கழிவு மேட்டுக்கு எழுத்தில் கேட்க வேண்டியவை: அடிவாரம் வேலியில் இருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம், அடியில் கல் அடுக்கி ஒரு மீட்டர் அகல வடிகால், வடிகால் முடிவில் 3 × 2 மீட்டர் அளவில் ஒன்றரை மீட்டர் ஆழ வண்டல் குழி. பாதி நிரம்பியதும் தூர்வார வேண்டும். இல்லையென்றால் ஒரே ஐப்பசி மழையில் வண்டல் முழுவதும் உங்கள் காட்டுக்கு வரும்.

பதில் 3: விதைப்பொட்டலம்

ஓடு கட்டுன 40 மீட்டருக்கு வழி சொல்றனுங்க. டிராக்டர் மட்டும் விடாதீங்க. கலப்பை ஓடுனா உசுரோட இருக்குற தூரும் போயிரும், அடியில உறங்குற சீமைக்கருவேல விதை பூரா எந்திரிக்கும்.

முதல்ல மண்ணு தண்ணி குடிக்குதான்னு பாருங்க. 15 செ.மீ. விட்ட டின்னுக்கு ரெண்டு பக்கமும் அடியை வெட்டிட்டு, மண்ணுல 3 செ.மீ. அமுக்கி, அரை லிட்டர் தண்ணி ஊத்துங்க. அது 28 மி.மீ. மழைக்குச் சமம். எத்தனை நிமிசத்துல இறங்குதுன்னு குறிங்க. உள்காட்டுல, கெடாத இடத்துல இதையே செய்ங்க. ஓரத்துல மூணு மடங்குக்கு மேல நேரம் ஆச்சுன்னா ஓட்டை உடைக்காம விதைக்கறது வீண்.

உடைக்கறதுக்குக் களைக்கொத்து போதும். ஒரு மீட்டர் அகலத்துக்கு, சரிவுக்குக் குறுக்கா, பட்டை பட்டையாக் கொத்துங்க. நடுவுல மூணு மீட்டர் விட்டுருங்க. கொத்து ரெண்டு விரல்கடை ஆழத்துக்கு மேல வேண்டாம். கொத்துன பட்டை மேல வெள்வேல முள்ளுக் கிளையை வெட்டிப் பரப்புங்க. முள்ளு இருந்தா ஆடு வாய் வைக்காது, காத்துல வர்ற விதை நிக்கும், தரைச் சூடு குறையும். புல்லு பிடிக்கற இடத்தைக் கவனிச்சுப் பாருங்க, எப்பவும் முள்ளடியிலதான் முதல்ல பிடிக்கும்.

விதை உங்க காட்டுலயே எடுங்க. மார்கழி, தையில கதிர் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் விரலால உருவுனா கையோட வரணும். இழுக்க வேண்டியிருந்தா இன்னும் முத்தல. உருவுன விதையை உடனே விதைச்சா முளைக்காது, உறக்கத்துல இருக்கும். துணிப்பையில போட்டு ஆறேழு மாசம் காய்ஞ்ச இடத்துல வெச்சுட்டு, புரட்டாசியில நூறு விதையை ஈரத்துணியில வெச்சு ரெண்டு வாரம் பாருங்க. முப்பதுக்குக் கீழ முளைச்சா அளவைக் கூட்டிக்குங்க.

ஏக்கருக்கு ரெண்டரை முதல் மூணு கிலோ. விதையில சுணை இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். ஒரு கிலோ விதைக்குப் பத்துக் கிலோ ஈர மணல் சேத்துப் பிசிறுனா சீரா விழும். ஒரு செ.மீ.க்கு மேல மண்ணு மூடக்கூடாது. எறும்பு தூக்கிட்டுப் போற இடமா இருந்தா செம்மண் கரைசல்ல புரட்டி நிழல்ல காயவெச்சு விதைங்க. பூராவையும் ஒரே நாள்ல போடாதீங்க. முதல் மழை பத்து மில்லிமீட்டர் பெஞ்சுட்டு இருபது நாள் காய்ஞ்சா முளைச்சது அத்தனையும் கருகிரும். பாதியைப் புரட்டாசிக் கடைசியில, பாதியை ஐப்பசி நடுவுல போடுங்க.

கடை விதையில எச்சரிக்கை. கோ-1 நீலக்கொழுக்கட்டை தீவனத்துக்கு நல்ல புல்லு, முயல்மசாலும் அப்படித்தான். தனி வயல்ல போடுங்க. இந்த மாதிரிப் பழைய புல்தரையில வெளி விதையைக் கலக்காதீங்க; முயல்மசால் பரவுனா நரிப்பயறுக்கு இடம் இருக்காது. கொழுக்கட்டைப் புல்லே ஆஸ்திரேலியாவுல அடக்க முடியாத களையாத் திரியுது. நம்ம மண்ணுக்கு மருந்தா இருக்கறது அந்த மண்ணுக்கு நோவு.

மாட்டை நிறுத்தாதீங்க. மேயாத கொழுக்கட்டைப் புல்லு ரெண்டே வருசத்துல நரைச்சு, பழைய தாளு மூடிப் புதுத் துளிரை அமுக்கிரும், நடுவுல சீமைக்கருவேலம் ஏறிரும். நாலு காடு இருக்கறது உங்களுக்குப் பெரிய சொத்து. மழை விழுந்ததும் ஒரு காட்டை எட்டு வாரம் அடைச்சு விதை விழ விடுங்க, அடுத்த வருசம் வேற காடு. மேயற காட்டுல புல்லு நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் உருப்படியை மாத்திருங்க. மேற்குக் காட்டை மட்டும் ஆனி, ஆடியில மேய விடாதீங்க. புழுதிப் புல்லுல இருக்கற கல்லுத்துகள் ஆட்டுப் பல்லைத் தேச்சுரும். அதை மழை கழுவுனதுக்கு அப்புறம் திறங்க.

ஓடு உடைக்க இன்னொரு வழி, ஆட்டுப் பட்டி போடறது. குளம்பு மிதிச்சே உடைஞ்சுரும்.

பதில் 4: செம்மூக்கு

கடைசியாகச் சொன்ன பட்டியில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே இடத்தில் நாலைந்து இரவு பட்டி போட்டால் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து, நைட்ரேட் தண்ணீர் விட்ட கதைதான். முதல் மழைக்கு அந்தச் சதுரம் மட்டும் நாயுருவியும் பார்த்தீனியமுமாக எழும். போடுவதானால் ஓரிடத்தில் ஓர் இரவு, அதற்கு மேல் வேண்டாம். சீமைக்கருவேலக் காய் தின்ற ஆட்டை அப்படியே கொண்டுவந்து அடைக்கவும் கூடாது. அந்த விதை வயிற்றில் சாகாது, புழுக்கையோடு வந்து முளைக்கும். ஒரு வாரம் வெளியே வேறு தீவனம் போட்டு நிறுத்திவிட்டு உள்ளே விடுங்கள்.

சீமைக்கருவேலம் ஏற்கெனவே இருந்தால் அரிவாளால் வெட்டி விடாதீர்கள். வெட்டிய இடத்தில் பத்துக் கிளை வரும். வேர்க்கழுத்தில்தான் மொட்டு. மண்ணுக்கு அடியில் ஒரு அடி வரை தோண்டி அறுத்தால்தான் தீரும். முழங்கால் உயரத்துக்குள் இருப்பதை மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்கலாம்.

பறவைகளுக்காகச் சில. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி பங்குனி முதல் ஆனி வரை வெட்டவெளிச் சரளையில் முட்டையிடும். அந்த முட்டை சரளைக் கல் போலவே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். கொத்துவது, முள் பரப்புவது, வேலி வேலை எல்லாவற்றையும் ஆவணி, புரட்டாசிக்கு ஒதுக்குங்கள். வெடியில் பறந்து விழும் கற்களைப் பொறுக்க ஜே.சி.பி. உள்ளே வரவே கூடாது. கூடையில் பொறுக்கி வேலியோரம் குவித்தால் ஓணானுக்கும் அரணைக்கும் இடமாகும். கல் விழுவதே குற்றம்தான். எங்கே, எப்போது, எவ்வளவு தூரத்தில் என்று தேதியோடு படம் எடுங்கள். வெடி நேரத்தை எழுத்தில் வாங்கி, அந்த நேரம் மேய்ச்சலைக் கிழக்குக் காட்டில் வையுங்கள்.

உயர மரவரிசை புல்தரைக்கு நடுவே வந்தால் காக்கையும் வல்லூறும் உட்கார்ந்து வேவு பார்க்க மேடை கிடைத்துவிடும். தரைக்கூட்டுப் பறவைகள் அந்தப் பக்கத்தையே விட்டுவிடும். மரம் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கண்காணிப்புக்கு வாளி வைத்த அதே ஐந்து புள்ளியில் ஒரு மீட்டர் சதுரம் குறித்து நாலு மூலையிலும் கல் நடுங்கள். கார்த்திகைக் கடைசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை மேலிருந்து படம். கொழுக்கட்டைத் தூர் எத்தனை, வெறுந்தரை எவ்வளவு, களை என்ன. மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால் உங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த குத்தகை மனு வரும்போது "தரிசு" என்று எழுதுவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

குவாரியின் பழைய, வேலை நின்ற மேற்குச் சுவரைச் சீராக்கி மண் போடச் சொல்லாதீர்கள். அந்த மாதிரிப் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கும். இரவில் உங்கள் காட்டு எலியைத்தான் பிடிக்கும்.

கடவு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கன்னு வேண்டாம்னு எழுதிக் குடுத்துர்றோம், தண்ணியை முதல்ல நிறுத்தச் சொல்றோம். ஒண்ணே ஒண்ணு: மேற்கு வேலியில 60 மீட்டர் கிளுவை பட்டுப் போச்சு. அங்கே புழுதி நேரா உள்ள வருது. கம்பி வேலி போட்டுரலாமா, திரும்பக் கிளுவையே நடலாமா?

பதில் 5: விதைப்பொட்டலம்

கிளுவையே நடுங்க. கம்பி, மாட்டை நிறுத்தும், புழுதியை நிறுத்தாது. கிளுவை அஞ்சடி உயரம் அடர்த்தியா நின்னா பருந்தூசி வேலியடியிலயே விழுந்துரும்.

வேலி வேலை ஆவணிக்குன்னு மேலே சொன்னாலும், கிளுவைக்கு மட்டும் பருவம் வேற. இலை உதிர்ந்து நிக்கற சித்திரை, வைகாசியில கட்டைவிரல் பருமனுக்கு மேல, நாலடி நீளத்துல போத்து (நடறதுக்கான கிளைத் துண்டு) வெட்டுங்க. வெட்டுன உடனே நடாதீங்க. வெட்டு வாயில பால் வடிஞ்சு காயற வரைக்கும் அஞ்சாறு நாள் நிழல்ல சாத்தி வைங்க. பச்சை வாயோட நட்டா அழுகிரும். ஒரு அடி ஆழத்துக்குக் கோடு பறிச்சு, முக்கால் அடிக்கு ஒண்ணு, அதுக்குப் பின்னாடி இடைவெளிக்கு இடைவெளி ரெண்டாவது வரிசை. 60 மீட்டருக்கு ஒரு வரிசைக்கு 260, ரெண்டு வரிசைக்கு 520 போத்து. படாம போறதுக்கு நூறு சேத்து வெட்டிக்குங்க. தலைகீழா நட்டுராம இருக்க வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வா வெட்டி அடையாளம் வைங்க. தண்ணி ஊத்த வேண்டாம், மழை பாத்துக்கும். கோட்டுல தண்ணி தேங்குனாத்தான் சாகும், அதனால மண்ணை வரப்பாட்டம் அணைச்சு மேடாக்குங்க.

பழைய கிளுவை ஏன் பட்டுச்சுன்னு பாத்துட்டு நடுங்க. மேட்டு வண்டல் வேலியடியில ஏறி மூடியிருந்தா, வண்டலை வாரி வெளியே தள்ளாம நடற போத்தும் அதே மாதிரிப் போயிரும்.